பெங்களூரு அரங்கங்களும் நாமும்

(நமது சங்கத்தின் பெங்களூரு கிளை நடத்திய காலாண்டு அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம். மற்ற ஊர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடுகிறோம்.)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "வரவிருக்கும் கலை நிகழ்ச்சிகள்". அடுத்து வரும் மாதங்களில் பெங்களூரில் என்ன கச்சேரி, என்ன நாடகம், என்ன சினிமா, என்ன திருவிழா என்று சொல்ல வேண்டும். தேதியும் நேரமும் போட்ட பட்டியல் வாசலில் மேஜை மேல் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை நான் இங்கே வாசித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள், மீதிப் பேர் காபி எப்போது வரும் என்று பார்ப்பீர்கள். ஆகவே பட்டியலில் இல்லாததைச் சொல்கிறேன். இந்த அரங்கங்கள் எப்படி வந்தன, அங்கே நமக்கு என்ன கிடைக்கிறது, நாம் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அது.

வருஷம் முழுவதும் விழா

சென்னைக்கு மார்கழி எப்படியோ, பெங்களூருக்கு ஸ்ரீராமநவமி அப்படி. யுகாதி பச்சடி சாப்பிட்ட கையோடு ஊரெங்கும் பந்தல் போட ஆரம்பித்துவிடுவார்கள். மல்லேஸ்வரம், ராஜாஜிநகர், ஜெயநகர் என்று எந்தப் பேட்டைக்குப் போனாலும் பானகம், நீர்மோர், கோசும்பரி, கூடவே கச்சேரி. இவற்றுக்கெல்லாம் தலைமகன் போல நிற்பது சாமராஜப்பேட்டை ஸ்ரீராமசேவா மண்டலி. எஸ்.வி. நாராயணஸ்வாமி ராவ் 1939ல் ஆரம்பித்து வைத்தது. கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் பந்தல் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் தினமும் கச்சேரி நடக்கும். செம்பை, எம்.எஸ். போன்ற மகா வித்வான்களும் விதுஷிகளும் பாடிய இடம். டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்கள் வெளியே ரோட்டோரத்தில் நின்று கேட்பது அந்த மைதானத்துக்கே உரிய சம்பிரதாயம். அப்படி நடைபாதையில் நின்று கேட்டே ராகம் கண்டுபிடிக்கப் பழகியவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

அதே சித்திரைப் பௌர்ணமியில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலில் கரகம். விடிய விடிய ஊர்வலம் போகும். வழியில் ஹஜ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போய்வருவது பழைய வழக்கம். இதை நடத்தும் திகளர் சமூகத்தவரின் பூர்வீகம் தமிழகம் என்று சொல்வார்கள். ஆவணி புரட்டாசியில் பசவனகுடியில் கணேச உத்ஸவம். சாஸ்திரீய சங்கீதமும் சினிமாப் பாட்டும் ஒரே மேடையில் கேட்கலாம். கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை பெரிய பசவன் கோயிலருகே கடலேக்காய் பரிஷே, நம் பாஷையில் வேர்க்கடலைத் திருவிழா. விவசாயிகள் புதுக் கடலையை நந்திக்குப் படைத்துவிட்டுத் தெருவெங்கும் குவித்து விற்பார்கள். ஜனவரியில் குமாரகிருபா ரோட்டில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தே. ரோடு முழுவதும் படங்கள். வரைந்தவரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், கேட்டால் விளக்கம் சொல்வார்.

இவை விழாக்கள். விழாவுக்குக் கூட்டம் தானாக வரும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நான் பேச வந்தது விழா இல்லாத நாட்களைப் பற்றி. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்குப் போட்டு, ஜமுக்காளம் விரித்து, மைக் சரிபார்த்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரங்கங்களைப் பற்றி.

யார் கட்டிக்கொடுத்தது?

கே.ஆர். ரோட்டில் இருக்கும் பெங்களூரு காயன சமாஜம் 1905ல் தொடங்கியது. இந்தியாவின் பழைய சங்கீத சபாக்களில் ஒன்று. சென்னை மியூசிக் அகாடமிக்கு விதை போட்ட அகில இந்திய சங்கீத மாநாடு 1927ல்தான் நடந்தது என்றால், காயன சமாஜத்தின் வயது உங்களுக்குப் புரியும்.

பசவனகுடியில் பி.பி. வாடியா ரோடு என்று ஒரு ரோடு இருக்கிறது. அந்த வாடியா யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. பம்பாயில் பிறந்த பார்சிக்காரர். 1918ல் சென்னையில் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காகத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், நம் திரு.வி.க. அதில் துணைத் தலைவர். நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான் என்பார்கள். அந்த வாடியாவும் அவர் மனைவி சோபியா வாடியாவும் 1945ல் பெங்களூரில் ஆரம்பித்ததுதான் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சர். நல்ல நூலகம், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, மாலையில் சொற்பொழிவு, கச்சேரி, நாட்டியம், திரைப்படம். கதவில் டிக்கெட் கேட்க ஆளில்லை. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

அதே 1945ல் டி.வி. குண்டப்பா, கன்னடத்தார் டி.வி.ஜி. என்று கையெடுத்துக் கும்பிடும் பெரியவர், கோகலே பொதுவிவகார நிலையத்தைத் தொடங்கினார். அது புல் டெம்பிள் ரோட்டில் இருக்கிறது. 1970ல் ரவீந்திர கலாக்ஷேத்திரத்தில் ஊரார் கூடி டி.வி.ஜி.க்கு ஒரு லக்ஷ ரூபாய் பணமுடிப்பு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு லக்ஷம் என்றால் ஒரு வீட்டின் விலை. அவர் அதை அப்படியே அந்த நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்று அங்கே நாம் காசு கொடுக்காமல் ஒரு பேச்சைக் கேட்கிறோம் என்றால், அந்த நாற்காலிக்கு யாரோ ஒருவர் முன்பே பணம் கட்டிவிட்டார் என்று அர்த்தம்.

ரவீந்திர கலாக்ஷேத்திரம் தாகூர் நூற்றாண்டின் நினைவாக அரசாங்கம் கட்டி 1963ல் திறந்தது. வயாலிகாவலில் சௌடையா ஞாபகார்த்த மண்டபம் 1980ல் வந்தது. அதற்கு முன்நின்று உழைத்தவர் கே.கே. மூர்த்தி. வெளியூர் அங்கத்தினர்கள் பெங்களூரு வந்தால் அவசியம் பார்க்க வேண்டிய கட்டடம். முழு மண்டபமும் ஒரு வயலின் வடிவத்தில் இருக்கும். தந்தி, பிருடை, வில் எல்லாம் உண்டு. தந்திகளை எண்ணிப் பாருங்கள், நான்கல்ல, ஏழு. திருமகூடலு சௌடையா, பிடாரம் கிருஷ்ணப்பாவின் சிஷ்யர், 1957ல் சங்கீத கலாநிதி. மைக் வராத காலத்தில் பெரிய பந்தலில் கடைசி வரிசைக்கு வயலின் கேட்காது. அதற்காக அவர் மூன்று தந்திகளைக் கூடுதலாகப் போட்டு ஏழு தந்தி வயலின் வாசித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்று ஒரு வித்வான் வாத்தியத்தையே மாற்றினார். அவர் பெயரிலுள்ள மண்டபத்தில் கடைசி வரிசை காலியாக இருந்தால் அது நியாயமா, யோசியுங்கள்.

சமீபத்தில் வந்தவையும் உண்டு. 2019ல் தொம்மலூரில் பெங்களூரு இன்டர்நேஷனல் சென்டர் சொந்தக் கட்டடத்தில் இயங்க ஆரம்பித்தது. அங்கே பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமில்லை. அதே வருஷம் ஜே.பி. நகரில் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் என்ற சங்கீத மியூசியம் திறந்தார்கள். லீவுக்கு வரும் பேரன் பேத்திகளை மாலுக்கு அழைத்துப் போவதற்குப் பதில் ஒரு நாள் அங்கே அழைத்துப் போங்கள். வாத்தியங்களைத் தொட்டு வாசித்துப் பார்க்கலாம்.

நாடகம் நமக்கு அந்நியமா?

"கச்சேரிக்குப் போவோம் ஸார், கன்னட நாடகத்துக்கு நாங்கள் எதற்கு?" என்று சில பேர் கேட்கிறார்கள். இந்த ஊரில் முப்பது, நாற்பது வருஷம் இருந்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன். டி.பி. கைலாசம். நவீன கன்னட நாடகத்துக்கு வழி போட்டவர். வீட்டில் பேசியது தமிழ். தகப்பனார் பரமசிவ ஐயர், ஜட்ஜாக இருந்தவர். மகன் லண்டனில் நிலவியல் படித்துவிட்டு வந்து, பெங்களூரு வீடுகளில் ஜனங்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே, பாதி இங்கிலீஷும் பாதி கன்னடமுமாக நாடகம் எழுதினார். "டொள்ளு கட்டி" என்ற நாடகத்தில் பரீட்சையில் முந்துகிற பிள்ளையையும் வீட்டுக்கு உதவுகிற பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது உள்ளீடற்றது, எது கெட்டி என்று கேட்டார். நூறு வருஷம் கழித்தும் நம் வீட்டு டைனிங் டேபிளில் அதே கேள்விதான் ஓடுகிறது.

மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் அப்படித்தான். தாய்மொழி தமிழ், எழுதியது கன்னடம், 1983க்கான ஞானபீடப் பரிசு. இவர்களெல்லாம் மேடைக்கும் ஏட்டுக்கும் தங்கள் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். நாம் ஒரு சாயங்காலத்தைக் கொடுக்கக்கூடாதா?

ஜே.பி. நகரில் ரங்கசங்கரா என்ற நாடக அரங்கம் 2004ல் திறந்தது. சங்கர் நாக் என்ற அருமையான நடிகர், டைரக்டர் 1990ல் கார் விபத்தில் இளம் வயதிலேயே போய்விட்டார். அவருடைய கனவை அவர் மனைவி அருந்ததி நாக் நண்பர்களோடு சேர்ந்து பல வருஷம் பாடுபட்டுக் கட்டி முடித்தார். திங்கட்கிழமை தவிரப் பெரும்பாலும் தினமும் நாடகம். கன்னடம், இங்கிலீஷ், ஹிந்தி, சில சமயம் தமிழும் வரும். 300க்குச் சற்று அதிகமான இருக்கைகள்தான், எங்கே உட்கார்ந்தாலும் நடிகரின் முகம் தெரியும். டிக்கெட் விலை நம் பாக்கெட்டைக் கடிக்காது. ஒரே ஒரு கண்டிப்பு: மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் எப்பேர்ப்பட்டவரானாலும் உள்ளே விடமாட்டார்கள். கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த சங்கர் நாக் நமக்கு யார் தெரியுமா? ஆர்.கே. நாராயண் கதைகளை "மால்குடி டேஸ்" என்று தூர்தர்ஷனுக்கு எடுத்துக்கொடுத்தவர். ஆகும்பேயில் படம் பிடித்தார்கள். இசை எல். வைத்தியநாதன், ஓவியம் ஆர்.கே. லக்ஷ்மண். அந்த டைட்டில் இசையை யாராவது முனகினால் இந்த சபையில் பாதிப் பேர் கூடவே முனகுவீர்கள். நம் வீட்டு ஸ்வாமியைத் திரையில் காட்டியவர் நாடக மேடையில் வளர்ந்தவர். அதனால் நாடகம் நமக்கு அந்நியமில்லை.

சினிமா பார்ப்பதிலும் ஒரு விதம்

மெஜஸ்டிக் பக்கம் இருந்த தியேட்டர்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கபாலி தியேட்டர் இருந்த இடத்தைப் பார்த்தால் வயதானவர்களுக்கு மனசு கஷ்டப்படும். மல்டிபிளெக்ஸில் டிக்கெட்டைவிடச் சோளப்பொரி விலை அதிகம். ஆனால் நல்ல சினிமாவை நாலு பேரோடு உட்கார்ந்து பார்க்க இன்னொரு வழி இந்த ஊரில் 1971லிருந்து இருக்கிறது. அதுதான் சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி, இடம் பனசங்கரி. ஃபிலிம் சொசைட்டி என்றால் அங்கத்தினர்களாகச் சேர்ந்து படம் வரவழைத்துப் பார்ப்பது. ஜப்பான் படம், ஈரான் படம், நம் சத்யஜித் ராய் படம் எல்லாம் வரும். படம் முடிந்ததும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சில்தான் பாதி ருசி.

ஜி.வி. ஐயர் 1975ல் எடுத்த "ஹம்சகீதே" என்ற கன்னடப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சங்கீத வித்வானின் வாழ்க்கை. சங்கர் நாகின் அண்ணா அனந்த் நாக் வித்வானாக நடித்தார். இசை பாலமுரளிகிருஷ்ணா. அதில் பாடியதற்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 1970ல் பட்டாபிராம ரெட்டி எடுத்த "சம்ஸ்காரா" இன்னொரு விதம். யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவல். ஓர் அக்ரஹாரத்தில் ஒருவர் இறந்துவிடுகிறார், அவருக்கு யார் சம்ஸ்காரம் செய்வது என்று கேள்வி. முதலில் சென்சார் தடுத்தது, பிறகு வெளிவந்து அந்த வருஷத்தின் சிறந்த படமென்று தேசிய விருது வாங்கியது. பார்த்தால் நமக்குச் சுருக்கென்று தைக்கும், சில பேருக்குக் கோபம்கூட வரலாம். வரட்டும். வீட்டில் தனியாகப் பார்த்து டிவியை அணைப்பதைவிட, நாலு பேரோடு பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று வாதாடுவது நல்லது. அரங்கம் அதற்குத்தான் இருக்கிறது.

காலி நாற்காலி

இனி கொஞ்சம் கசப்பான விஷயம்.

ஒரு சின்ன சபாவில் இளம் பெண் ஒருத்தியின் கச்சேரிக்குப் போயிருந்தேன். சபாவின் பெயர் வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேல் கற்றுக்கொண்ட பெண், அன்றைக்கு முதல் முழுக் கச்சேரி. தோடி எடுத்தாள், பிரமாதமான கற்பனை. கேட்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மேடையில் இருந்த மூன்று பேரையும் மைக்காரரையும் விட்டால் பதினொரு பேர். அதில் ஐந்து பேர் அவள் உறவினர். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். காரியதரிசி பின்னால் நின்றுகொண்டு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "அடுத்த வருஷம் இந்தத் தொடரை நடத்தலாமா வேண்டாமா என்று கமிட்டியில் கேட்பார்கள் ஸார், நான் என்ன சொல்வேன்?" என்றார்.

பணம் ஒரு கஷ்டம்தான். பழைய சபாக்கள் பலவும் கட்டளைகளை நம்பி நடப்பவை. தாயார் ஞாபகமாக, தகப்பனார் ஞாபகமாக ஒரு தொகை போட்டுவைப்பார்கள். வட்டியில் வருஷம் ஒரு கச்சேரி. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். நாற்பது வருஷத்துக்கு முன் 10,000 ரூபாய் போட்டு 10 சதவிகித வட்டி வந்திருந்தால் வருஷத்துக்கு 1,000 ரூபாய். அன்றைக்கு ஓர் இளம் வித்வானுக்கும் பக்கவாத்தியத்துக்கும் மரியாதையாகக் கொடுக்கலாம். இன்றைக்கு அதே 10,000 ரூபாய்க்கு 7 சதவிகிதம் என்றால் 700 ரூபாய். மிருதங்கக்காரர் ஒயிட்ஃபீல்டிலிருந்து பசவனகுடிக்கு வந்துபோகும் டாக்ஸிக்கே அது போதாது.

ஆனால் பணத்தைவிடப் பெரிய கஷ்டம் காலி நாற்காலிதான். இதற்கு பம்பாய் உதாரணம் ஒன்று சொல்கிறேன். அங்கே ஷண்முகானந்தா ஹால் 1990ல் தீப்பிடித்து நாசமாயிற்று. அங்கத்தினர்களும் ரசிகர்களும் விடவில்லை, பாடுபட்டு 1998ல் மறுபடி திறந்தார்கள். ஊருக்கு அந்த ஹால் வேண்டியிருந்தது, அதனால் எரிந்தும் எழுந்தது. ஆள் வராமல் மூடிய ஒரு ஹாலை யாராவது மறுபடி திறக்க ஓடிவருவார்களா? தீக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. காலி நாற்காலிக்குக் கிடையாது.

ஏன் போவதில்லை என்று கேட்டால் மூன்று காரணம் சொல்கிறோம். முதலாவது டிராஃபிக். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேஷனல் காலேஜ் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பசவனகுடி அரங்கங்கள். கே.ஆர். மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கினால் கோட்டை ஹைஸ்கூல் மைதானம் பக்கத்தில். இங்கே வசிக்கும் பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து சாதாரண பி.எம்.டி.சி. பஸ்ஸில் கட்டணமே கிடையாது. மாமிகள் மாமாக்களை எதிர்பார்க்காமல் கிளம்பலாம்.

இரண்டாவது, "எல்லாம் செல்ஃபோனிலேயே வருகிறதே". 2020ல் தொற்றுநோய்க் காலத்தில் அரங்கங்கள் மூடிக் கிடந்தபோது அந்த ஏற்பாடு கலைஞர்களுக்குக் கைகொடுத்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இன்றும் அது வரப்பிரசாதம். ஆனால் நம் சங்கீதம் எழுதி வைத்துப் பாடுவதல்ல. ஒரு ராகத்தைப் பத்து நிமிஷம் பாடுவதா இருபது நிமிஷம் பாடுவதா என்று வித்வான் எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். முன் வரிசையில் ஒருவர் "ஆஹா" என்றால் அடுத்த சங்கதி பிறக்கிறது. நீங்கள் வராவிட்டால் அந்தச் சங்கதியே பிறப்பதில்லை. அப்புறம் ஃபோனில் எங்கிருந்து வரும்?

மூன்றாவது காரணம்தான் நிஜமானது. வயசாகிவிட்டது, ராத்திரி திரும்பி வர பயம், துணையில்லை. இதைச் சொல்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் அடுக்குமாடியில் ஒரு பெரியவர். மாமி காலமாகி இரண்டு வருஷம், பிள்ளை அமெரிக்காவில், பெண் சிங்கப்பூரில். சாயங்காலம் ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடுவார். கீழ்வீட்டுப் பையன், கன்னடக்காரப் பிள்ளை, ஒரு சனிக்கிழமை "அங்கிள், நான் போகிறேன், கூட வாருங்கள்" என்று வற்புறுத்தி ஒரு சொற்பொழிவுக்குக் கூட்டிப்போனான். இப்போது அவர் வாரம் தவறாமல் போகிறார். எந்த ஹாலில் எத்தனை படி, எங்கே கைப்பிடி உண்டு, பாத்ரூம் எவ்வளவு தூரம் என்று அவரைக் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார். அங்கே அவருக்கு நாலு சிநேகிதர்கள். ஒரு வாரம் வராவிட்டால் ஃபோன் பண்ணி விசாரிக்கிறார்கள். அந்த விசாரிப்பு டிவியில் வராது.

அவர் என்னிடம் சொன்ன இன்னொன்று. "நீங்களெல்லாம் மேடையில் பொன்னாடை போர்த்துகிறீர்களே, அந்தப் பணத்தில் படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி போட்டுக் கொடுங்களேன். பொன்னாடை பீரோவில் தூங்கும், கைப்பிடியை தினம் பத்துப் பேர் பிடிப்பார்கள்." இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நாம் செய்யக்கூடியது

ஆகவே இந்த சபையின் முன் நாலு விஷயங்களை வைக்கிறேன். டெல்லி, மும்பை, ஹைதராபாத், கோயம்புத்தூர், எந்த ஊரில் இருந்தாலும் இவை பொருந்தும். உங்கள் பேட்டையிலும் ஒரு ஹால் விளக்குப் போட்டுக்கொண்டு காத்திருக்கும்.

முதலாவது, மாதம் ஒரு நிகழ்ச்சிக்காவது நேரில் போவோம். பெரிய பெயரைத் தேடி ஊர் தாண்டிப் போக வேண்டாம், பக்கத்தில் நடப்பதற்குப் போனால் போதும். மூன்றில் ஒன்று நமக்குப் பழக்கமில்லாததாக இருக்கட்டும். சங்கீதக்காரர் நாடகத்துக்கும், சினிமாக்காரர் சொற்பொழிவுக்கும் போகலாம்.

இரண்டாவது, தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட அழைத்துப் போவோம். பக்கத்து வீட்டுப் பெரியவர், அல்லது பள்ளிக்கூடப் பிள்ளை. கிளைக் காரியதரிசிகள் கார் வைத்திருப்பவர்களையும் துணை தேவைப்படுபவர்களையும் பேட்டைவாரியாக ஒரு பட்டியலில் சேர்த்தால் போதும், மூன்றாவது காரணம் பாதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது, போனால் கடைசிவரை உட்காருவோம். தனி ஆவர்த்தனம் என்பது காண்டீனுக்குப் போகும் நேரமல்ல. மிருதங்கக்காரரும் யாரோ வீட்டுப் பிள்ளைதான்.

நாலாவது, முடிந்ததைக் கொடுப்போம். சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம், பெற்றோர் ஞாபகம் என்று ஏதாவது ஒரு சந்தர்ப்பம் எல்லோர் வீட்டிலும் வருகிறது. பழைய கட்டளைக்குக் கூடுதல் தொகை, அல்லது ஒரு கைப்பிடி, நாலு நாற்காலி, நல்ல மைக், எதுவானாலும் சரி. எதுவும் முடியாதவர்கள் வந்து உட்கார்ந்தாலே அது பெரிய தானம்.

வாசலில் மேஜை மேல் பட்டியல் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடாதீர்கள். அதில் ஒரு தேதியைப் பேனாவால் வட்டமிட்டு, யாரை அழைத்துப் போகப்போகிறீர்கள் என்று பக்கத்தில் பெயர் எழுதிவிட்டு, காபி சாப்பிடப் போங்கள்.